அரைக்கூலிச் சீட்டு

வக்கீல்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஏதோ சொத்துத் தகராறில் தோற்றவள் வயிற்றெரிச்சலில் எழுதுகிறாள் என்று நினைத்துக்கொள்வீர்கள். கோபம் இல்லை, நம்பிக்கைதான் இல்லை. அதிலும், தெருவையே ஒன்றாகச் சேர்த்து ஒரே கேஸாகப் போட்டு எல்லாருக்கும் நியாயம் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சிரித்த முகத்தோடு வந்து நின்றால், நான் அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். சங்கரன்கோவிலில் நாங்கள் இருந்த தெருதான் எனக்கு அந்தப் புத்தியைக் கொடுத்தது.

எழுபதுகளின் நடுவில் சிவகிரியிலிருந்து கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்தேன். தெரு முழுக்கத் தறிக்காரர்கள். விடியற்காலையில் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பாவு நீட்டிவிடுவார்கள். சேலைக்கு நீளவாக்கில் ஓடுகிற நூலுக்குத்தான் பாவு என்று பெயர். அதைக் கவட்டைக் கம்புகளின் மேல் விரித்து, கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் காயவைத்துச் சுருட்டியாக வேண்டும். அந்த நேரத்தில் தெருவில் சைக்கிள்கூடப் போகாது. கலெக்டரே வந்தாலும் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும் என்று என் வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்லுவார். கலெக்டர் எதற்கு எங்கள் தெருவுக்கு வரப்போகிறார் என்று நான் கேட்டதில்லை. புதுசாக வந்தவள், கொஞ்சம் அடக்கமாக இருந்தேன்.

நான் வந்த மறு வருஷம் தெருவுக்கு வடக்கே இருந்த ரைஸ் மில்லில் நெல் அவிப்பதற்குப் புதிதாக ஒரு பாய்லர் வைத்தார்கள். அதற்கு உமிதான் எரிபொருள். குட்டையான ஒரு புகைக்கூண்டு. வாடைக்காற்று அடிக்கத் தொடங்கியதும் உமிச்சாம்பல் முழுக்க எங்கள் தெருவில் வந்து இறங்கியது. ஈரக் கஞ்சிப் பாவில் சாம்பல் விழுந்தால் ஒட்டிக்கொள்ளும். நெய்து முடித்தால் சேலை முழுக்கப் புள்ளி. கடைக்காரர்கள் விரித்துப் பார்த்துவிட்டு அப்படியே மடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். காலையில் பாவின் மேல் ஒரு தடவை உள்ளங்கையை ஓட்டிவிட்டு, வாசலில் நிற்கிற என் முகத்துக்கு நேராகக் கையை விரித்துக் காட்டுவார். கருப்பாக இருக்கும். அவ்வளவுதான் அன்றைய பேச்சு.

அவருடைய அண்ணன் கோயம்புத்தூரில் ஒரு மில்லில் இருந்தார். வந்துவிடு, வேலை வாங்கித் தருகிறேன் என்று ஆள்மேல் ஆள் விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருநாள் இவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "ஏட்டி, சாம்பல் நின்னா இங்கன இருப்போம். நிக்கலைன்னா கோயம்புத்தூருக்குப் போயிருவோம்."

எனக்குப் போக மனசே இல்லை. அந்தத் தெருவை எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா என்றால் ஊரே நம் வாசல் வழியாகப் போகும். நினைத்தால் சினிமா. எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டுக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டு காலை பஸ்ஸில் சிவகிரிக்கு அம்மா வீட்டுக்குப் போனால், கோபம் தணிந்து சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடலாம். கோயம்புத்தூரிலிருந்து யாரால் கோபித்துக்கொண்டு போக முடியும்? போய்ச் சேருவதற்குள் எதற்குக் கோபித்தோம் என்பதே மறந்துபோகும்.

அந்தச் சமயத்தில்தான் வக்கீல் வந்தார். நல்ல சிவப்பு, நல்ல குரல், வெற்றிலை போட்ட வாய். எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, தெருவைக் கூட்டிவைத்து விளக்கினார்.

"ஆளுக்கு ஒரு கேஸ் போட்டா ஆயுசுக்கும் முடியாது. தெருவுக்கே சேர்த்து ஒரே கேஸ். பேருக்கு ரெண்டு பேரு கையெழுத்துப் போட்டாப் போதும், எல்லாரும் கட்சிக்காரங்கதான். சட்டத்துல அதுக்கு வழி இருக்கு. இழப்பீடும் கேப்போம். வீடு வீட்டுக்கு வரும்."

இழப்பீடு என்று கேட்டதும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. நான் நிலைப்படியில் நின்றபடியே கேட்டேன்: "ஐயா, சாம்பல் எப்ப நிக்கும்?"

"நல்ல கேள்வி" என்றார் வக்கீல். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்துத் திரும்பி வேறு விஷயம் பேசினார். முதல் கையெழுத்து இவருடையதுதான். எதிர்வீட்டு அண்ணாச்சி இரண்டாவது.

தெருவுக்கே சேர்த்துக் கேஸ் போட்டால் தெருவுக்கே தெரிவிக்க வேண்டும் என்று கோர்ட்டில் சொன்னார்களாம். ஒருநாள் தண்டோரா போட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். குழாயில் தண்ணீர் விடுவதைச் சொல்ல வருகிறார் என்று நாங்கள் எல்லாரும் குடத்தோடு ஓடினோம். அவர் கேஸ் நம்பரை வாசித்துவிட்டு, ஆட்சேபணை உள்ளவர்கள் இன்ன தேதிக்குள் கோர்ட்டில் வந்து சொல்லலாம் என்றார். எதிர்வீட்டு மதினிக்கு வந்ததே கோபம்.

"தண்ணி விடுவாவளா மாட்டாவளா, அதச் சொல்லும்வே மொதல்ல" என்றாள்.

இழப்பீடு விஷயம் பரவியதும் எங்கள் கட்சியின் பலம் கூடிப்போனது. முக்கில் புரோட்டாக் கடை வைத்திருந்தவர் மாவில் சாம்பல் விழுகிறது என்று சேர்ந்துகொண்டார். அவர் கடைப் புரோட்டாவில் சாம்பலால் கெட்டுப்போக என்ன மிச்சம் இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. தறியே இல்லாத வீட்டுக்காரர்களும் இருமிக் காட்டிவிட்டுச் சேர்ந்தார்கள். வக்கீல் எல்லாரையும் வாங்க வாங்க என்று சேர்த்துக்கொண்டார்.

அப்புறம் வாய்தாதான். முன்சீப் கோர்ட்டில் ஒரு வாய்தாவுக்கு மில்காரர் வக்கீலுக்குக் காய்ச்சல். அடுத்ததற்கு எங்கள் வக்கீல் வீட்டில் விசேஷம். அதற்கடுத்ததற்குக் கோர்ட்டே லீவு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் என் வீட்டுக்காரர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய், வெயிலில் நின்றுவிட்டு வருவார். ஒருநாள் நானும் கூடப்போனேன். கோர்ட் வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் மில்காரருடைய வக்கீல். பின்னால் உட்கார்ந்து இறங்கியவர் எங்கள் வக்கீல்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்தார். விசாரித்ததில் இரண்டு பேரும் அக்கா தங்கையைக் கட்டிய சகலைகள் என்று தெரியவந்தது. உள்ளே போய் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறுகிற மாதிரி வாதாடினார்கள். வெளியே வந்து ஒரே கடையில் காப்பி குடித்தார்கள். எங்களைப் பார்த்ததும் எங்கள் வக்கீல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கேஸ் நல்லாப் போகுதும்மா" என்றார்.

"சாம்பல் எப்ப நிக்கும் ஐயா?"

"அவங்க தரப்பு ஆடிப்போயிருக்கு" என்றார்.

அவருடைய சகலை தலையை ஆட்டி ஆமோதித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வருவது என் சுபாவம், என்ன செய்ய.

இரண்டாவது வருஷம் கார்த்திகையில் வக்கீலுடைய குமாஸ்தா ஓடிவந்து, நாளைக்குக் காலையில் கோர்ட்டிலிருந்து கமிஷனர் தெருவைப் பார்க்க வருகிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். கமிஷனர் என்றால் என்ன என்று அவர் சொல்லவில்லை. கோர்ட் அனுப்புகிற ஒரு வக்கீல்தான் வந்து, உள்ளதைப் பார்த்து எழுதிக்கொண்டு போவார் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? ஏதோ பெரிய ஆபீசர் என்று நினைத்துவிட்டோம்.

பெரிய ஆபீசர் வருகிற தெருவை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று சாயங்காலமே ஆண்கள் ஏணி போட்டு ஏறி ஓட்டுக்கூரைகளில் கிடந்த சாம்பலைக் கூட்டித் தள்ளினார்கள். நாங்கள் திண்ணை, படி, சுவர் என்று ஒன்று விடாமல் கழுவினோம். விடியும் முன்னே சாணி தெளித்துக் கோலம் போட்டாயிற்று. என் கோலம்தான் தெருவிலேயே பெரியது, அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். தெருமுக்கில் மாவிலைத் தோரணம். ஆபீசருடைய கார் வர இடைஞ்சலாக இருக்கக் கூடாதே என்று அன்றைக்கு ஒரு வீட்டுக்காரரும் பாவு நீட்டவில்லை.

கமிஷனர் சைக்கிளில் வந்தார். மீசை அரும்பிய சின்னப் பிள்ளை. எதிர்வீட்டு மதினி நன்னாரி சர்பத் கொடுத்தாள். குடித்துவிட்டுத் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்தார். கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்தார், நல்ல வளர்ப்பு. கடைசியில் எழுதிக்கொண்டு போய்விட்டார்: தெரு மிகச் சுத்தமாக இருக்கிறது, சாம்பல் எதுவும் தென்படவில்லை, பாவு நீட்டி வேலை நடப்பதாகவும் தெரியவில்லை.

எங்கள் வக்கீல் அன்று சாயங்காலம் வந்து தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "யாரு உங்களைச் சுத்தம் பண்ணச் சொன்னா?"

"வாற மனுசருக்குக் குப்பையையா காட்டுவாவ?" என்றாள் மதினி.

"குப்பையைக் காட்டத்தான் கூப்பிட்டேன்."

"அத மொதல்லயே சொல்லியிருந்தா எங்களுக்கு முதுகுவலி மிச்சம்" என்றேன் நான். என் வீட்டுக்காரர் மறுநாள் கடைத்தெருவுக்குப் போய் ஒரு தகரப்பெட்டி வாங்கிவந்தார். கோயம்புத்தூருக்குத் துணிமணி எடுத்துக்கொண்டு போக. தை பிறந்ததும் கிளம்புவோம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

மார்கழி பாதியில் வக்கீல் மாலையும் கழுத்துமாகத் தெருவுக்கு வந்தார். மாலை அவரே வாங்கிப் போட்டுக்கொண்டதோ, சகலை போட்டதோ தெரியாது. "ஜெயிச்சாச்சு" என்றார். இரண்டு தரப்பும் சமாதானமாகப் போய்விட்டார்களாம். என் வீட்டுக்காரரும் எதிர்வீட்டு அண்ணாச்சியும் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். வக்கீலுடைய பீஸ் முழுவதையும் மில் முதலாளியே கொடுத்துவிட்டார். தெருவில் வீட்டுக்கு ஒரு சீட்டு. அச்சடித்து, மில் முத்திரை குத்தி, அழகாக இருந்தது.

"இந்தச் சீட்டைக் காட்டினா வருஷம் பூரா அந்த மில்லுல நெல்லு அரைக்கப் பாதிக்கூலிதான். அவங்க ஒரு மூடைக்கு மேல கொண்டாரக் கூடாதுன்னாங்க. நான் விடுவேனா? எவ்வளவு நெல்லானாலும், எத்தனை தடவையானாலும்னு எழுத வச்சேன்."

நாங்கள் தறிக்காரர்கள். எங்களில் ஒருவருக்கும் ஒரு முழம் வயல் கிடையாது. ரேஷன் அரிசி வாங்கித் தின்கிறவர்களுக்கு நெல் அரைக்கப் பாதிக்கூலி.

"சாம்பல்?" என்றேன்.

"அதைப் பத்தி இனிமே ரெண்டு தரப்பும் கோர்ட்டுக்குப் போகக் கூடாது. அதுதான் சமாதானம்" என்றார். அந்த மாலையோடு அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. மனுஷர் உண்மையிலேயே ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையிலும் வீட்டுக்காரர் கையை விரித்துக் காட்டினார். கருப்பு.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சிவகிரியிலிருந்து என் அண்ணன் பொங்கல்படி கொண்டுவந்தான். பெண் கொடுத்த வீட்டிலிருந்து வருகிற சீர்தான் அது. கரும்பு, மஞ்சள்குலை, பனங்கிழங்கு, வழக்கமாக அரிசி. அந்த வருஷம் அறுவடை பிந்தியதால் அரைக்க நேரமில்லாமல், அரிசிக்குப் பதில் ஒரு மூடை நெல்லாகவே போட்டுவிட்டுப் போனான். நான் மூடையைப் பார்த்தேன். தகரப்பெட்டியைப் பார்த்தேன். மாடத்தில் இருந்த சீட்டைப் பார்த்தேன். எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ, ஒரு படி நெல்லை அளந்து, புடைக்கிற சொளவில் போட்டுக்கொண்டு மில்லுக்குக் கிளம்பினேன். யோசனை ஒன்றும் கிடையாது. ஜெயித்துக் கொடுத்திருக்கிறார்களே, அதை ஒருநாளாவது அனுபவித்துவிட்டுப் போவோம் என்ற வீம்புதான்.

பொங்கல் நேரம், மில்லில் கூட்டமான கூட்டம். மேலநீலிதநல்லூர்ப் பக்கத்திலிருந்துகூட வண்டி கட்டி வந்திருந்தார்கள். மெஷினில் நின்றவர் என் சொளவைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன தாயி, ஒரு படியா? மெஷினுக்குப் பல்லிடுக்குலகூட நிக்காதே."

நான் சீட்டைக் காட்டினேன். "எவ்வளவு நெல்லானாலும்னு போட்டிருக்கு. வாசிச்சுப் பாரும். ஊரார் நெல்லோட எங்க அம்மா வீட்டு நெல்லு கலக்கக் கூடாது. மெஷினை நிறுத்தித் தட்டி எடுத்துட்டுப் போடும். தவிடும் எனக்கு வேணும், உமியும் எனக்கு வேணும்."

கணக்குப்பிள்ளை வாசித்துப் பார்த்தார். சீட்டில் அப்படித்தான் இருந்தது. மெஷினை நிறுத்தினார்கள், தட்டினார்கள், என் ஒரு படியை அரைத்தார்கள், மறுபடி நிறுத்தி எனக்குச் சேர வேண்டிய தவிட்டைச் சுரண்டி எடுத்தார்கள். நான் திரும்பினால் பின்னால் எதிர்வீட்டு மதினி நிற்கிறாள், கையில் ஒரு சொளவோடு.

"ஒன் மூடையிலதான் ஒரு படி அள்ளிட்டு வந்தேன், ஏட்டி. கோவிச்சுக்கிடாத."

அவளுக்குப் பின்னால் புரோட்டாக் கடைக்காரர் வீட்டு அம்மா. அவளுக்குப் பின்னால் மேலக்கோடி வீட்டுக்காரி. நான் சொளவோடு போனதைப் பார்த்ததும் தெருவுக்கே விஷயம் புரிந்திருக்கிறது. என் நெல் மூடை தெருப் பொதுவாகிவிட்டது. வீட்டுக்கு ஒரு படி, வீட்டுக்கு ஒரு சீட்டு, ஒவ்வொருத்திக்கும் அவளவள் தவிடும் உமியும் தனித்தனியாக வேண்டும். அரைத்து முடித்தவள் என் வீட்டுக்குப் போய் இன்னொரு படி அள்ளிக்கொண்டு மறுபடி கடைசியில் வந்து நின்றாள். எத்தனை தடவையானாலும் என்றும் சீட்டில் இருந்ததே.

வண்டிக்காரர்கள் முதலில் சத்தம் போட்டார்கள். விஷயத்தைக் கேட்டதும் மாட்டை அவிழ்த்து வைக்கோல் போட்டுவிட்டு, நிழலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். உச்சி வேளைக்கு மில் முதலாளியே இறங்கி வந்தார்.

"என்னம்மா வேணும் உங்களுக்கு? கோர்ட்டுலதான் எல்லாம் முடிஞ்சு போச்சே."

"நாங்க கோர்ட்டுக்குப் போகலையே, அண்ணாச்சி. நெல்லு அரைக்க வந்திருக்கோம்" என்றாள் மதினி.

நான் கேட்டேன்: "சாம்பல் எப்ப நிக்கும்?"

இரண்டு வருஷமாக நான் கேட்ட கேள்விக்கு அன்றுதான் ஒருவர் நேராகப் பதில் சொன்னார்.

"பொங்கல் கழியட்டும். கொத்தனாரைக் கூப்பிட்டுக் கூண்டை ஒசத்திருதேன்."

"பொங்கல் கழியுற வரைக்கும் நாங்க தெனமும் வாரோம். வீட்ல நெல்லு கெடக்கு."

அவர் மில்லைப் பார்த்தார், வண்டிகளைப் பார்த்தார், எங்கள் சொளவுகளைப் பார்த்தார். "கூண்டு ஒசருத வரைக்கும் நீங்க பாவு சுருட்டுன பொறவுதான் பாய்லரைப் பத்த வைப்பேன். போதுமா? கொத்தனாரு இன்னைக்கே வருவாரு. எல்லாரும் வீட்டுக்குப் போங்க தாயி."

போதும் என்றேன். மூடையில் அதற்குமேல் நெல்லும் இல்லை.

மறுநாள் விடியற்காலை நான் கோலப்பொடியோடு வாசலில் நின்றேன். வீட்டுக்காரர் பாவின் மேல் உள்ளங்கையை ஓட்டினார். தானே ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு என் பக்கம் விரித்துக் காட்டினார். கஞ்சி மட்டும்தான் ஒட்டியிருந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, அவருக்குத் தெரியாமல் குனிந்து கோலம் போட்டேன். அன்றைக்கே அந்தத் தகரப்பெட்டியில் நூல் கட்டுகளை அடுக்கிவைத்தார். கோயம்புத்தூர்ப் பேச்சு அதோடு முடிந்தது.

கொத்தனார் வந்து கூண்டை இரட்டை உயரத்துக்குக் கட்டினார். புகை எங்கள் தலைக்குமேல் எங்கேயோ போனது. வக்கீல் போகிற வருகிற இடமெல்லாம், எவ்வளவு நெல்லானாலும் என்று எழுதவைத்தது நான்தானே என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அது பொய்யில்லை, அதனால் நாங்களும் மறுக்கவில்லை. அந்தக் கேஸில் கிடைத்த பேரில் அவருக்கு நிறையக் கட்சிக்காரர்கள் வந்தார்கள். எங்கள் தெருவுக்குத் தெற்கே, கோயிலுக்குப் போகிற வழியில், மாடிவைத்து ஒரு வீடு கட்டிக்கொண்டார்.

அடுத்த மார்கழியில், வாடை அடிக்கிற ஒரு காலையில், அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை முழுக்கப் பொடிப்பொடியாகக் கருப்புப் புள்ளி.

"மாடியில ஒரு துணி காயப்போட முடியலம்மா. கூண்டை ஒசத்தினாலும் ஒசத்தினாங்க, அம்புட்டும் எங்க தெருவுல வந்து விழுது."

"கேஸ் போடுங்களேன் ஐயா" என்றேன். "தெருவுக்கே சேர்த்து ஒரே கேஸா."

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "கேஸா? அது என்னைக்கும்மா முடியுறது? உங்ககிட்ட அந்த அரைக்கூலிச் சீட்டு ஏதாச்சும் மிச்சம் கெடக்கா?"

சீட்டு மாடத்தில்தான் இருந்தது, வருஷம் முடிய இன்னும் நாள் இருந்தது. ஆனால் அதை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை. என்னை அந்தத் தெருவில் இருக்கவைத்த சீட்டு அது.

"சீட்டு தரமாட்டேன் ஐயா. நீங்க ஒரு படி நெல்லு கொண்டாங்க, நானே வந்து நிக்கேன்" என்றேன். "பீஸ் ஒண்ணும் வேண்டாம்."